யேசுராஜ் தட்டிப் பார்த்த தகடு

எல்லாரும் சுகந்தானே? மூட்டுவலி தேவலையா? இந்த யேசுராஜைக் கொஞ்சம் பாருங்கள்.

2004, குவைத், மங்காஃப் பக்கம் ஒரு கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி. நாளை விடிந்ததும் சண்டை நடக்கும் ஈராக்குக்கு லாரி ஓட்டப் போகிறவர், குண்டு தாங்கும் சட்டைக்குள் மாருக்கு ஒன்றும் முதுகுக்கு ஒன்றுமாகச் செருகத் தகடு தேடி நிற்கிறார். தகரக் கூரை வழியே மதிய வெயில் இறங்கிக் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரும்புத் தகட்டைத் தூக்கிப் பார்த்து, பெருமூச்சோடு வைத்துவிடுகிறார். அதைச் சுமந்துகொண்டு பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. பீங்கான் தகடு லேசு. ஆனால் யாராவது கீழே போட்டிருந்தால் உள்ளே விரிசல் இருக்கும், மேலே ஒட்டிய துணி அதை மறைத்துவிடும். அதனால் மண்பானை வாங்குவதுபோல் ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து விரலால் தட்டுகிறார்.

"அண்ணாச்சி, இது என்ன சந்தையா? எடுத்துட்டு நடையக் கட்டும்," என்கிறான் ஸ்டோர்காரன் ஐயப்பன்.

"பான ஒழுவுனா சோறுதாம்டே போவும்."

இரண்டு நல்லதாகக் கிடைக்கின்றன. பின்னால் நிற்பவருக்காக அடுத்ததையும் தட்டுகிறார்; அது விரிசல் விட்ட பானைபோல் பொத்தென்கிறது. ஐயப்பன் அதை வாங்கி மறுபடி அடுக்கிலேயே வைக்கக் கை நீட்டுகிறான். பின்னால் வரிசையில் பதினெட்டு டிரைவர்கள். சண்டை போட யேசுராஜுக்குத் தெம்பில்லை. அந்தத் தகட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார்.

"எல்லாவனும் எடுத்து முடிக்கட்டும். பொறவு எந்திக்கேன்."

உங்கள் வீட்டிலும் அந்த ரோட்டில் லாரி ஓட்டியவர்கள் இருப்பார்கள். அவர்கள் எதைப் போட்டுக்கொண்டு போனார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.