கறுக்காத தண்ணீர்

“பெட்டியோட ஒயரைப் பிடுங்கிட்டு உன் போனுக்கு சார்ஜ் போட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

போட்டி அரங்குக்கு வெளியே, நடையோரமாக நிறுத்தி வைத்து டீச்சர் மாணவியை மூன்றாவது தடவையாகக் கேட்டார். வகுப்பில் அவளுக்குச் சுண்டெலி என்று பேர்; ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள். இன்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உலகப் பள்ளிகளுக்கான அறிவியல் போட்டி. அதற்காக இரண்டு பேரும் கடல் தாண்டி வந்திருந்தார்கள். சுண்டெலி செய்திருந்தது ஒரு சின்னச் சூட்டுப் பெட்டி. சோதனைப் பொடி கலந்த தண்ணீரைக் காலையில் அதற்குள் வைத்தால், கிருமி இருக்கிற தண்ணீர் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும். அதுவரை பெட்டி சூடு ஆறக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி.

அரங்கில் மத்தியானத்துக்கு மேல்தான் கரண்ட் தருவோம் என்று சொல்லிவிட்டதால், பெட்டியை ஓட்டல் அறையிலேயே ஓடவிட்டு வந்தார்கள். விளக்கப் படங்களைத் தூக்கிக்கொண்டு சுண்டெலி லிஃப்டைப் பிடிக்க முன்னால் ஓடினாள். டீச்சர் நிதானமாகச் செருப்பை மாட்டி, கதவோரத்தில் செருகியிருந்த அறைக் கார்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். எதிலும் அவ்வளவு ஜாக்கிரதை.

மூன்று மணிக்கு டீச்சர் கீழே காத்திருக்க, சுண்டெலி கார்டை வாங்கிக்கொண்டு பெட்டியை எடுக்கப் போனபோது அது சில்லென்று கிடந்தது. சுண்டெலி அதைத் தொட்டுப் பார்த்தாள். கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். பிறகு ஒன்றும் பேசாமல் ஒயரைச் சுருட்டினாள்.

நடுவர்கள் வந்தபோது, சோதித்துக் காட்ட வைத்திருந்த அழுக்கு வாய்க்கால் தண்ணீர்கூடக் கறுக்கவில்லை.

“அப்போ இந்த வாய்க்கால் தண்ணியைக் குடிக்கலாமா?” என்று ஒரு நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்கு மானமே போனது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

சுண்டெலி டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நடுவரிடம், பிளக் மாட்ட மறந்துவிட்டேன் என்றாள். மன்னிப்பும் கேட்டாள்.

அதுதான் டீச்சருக்கு ஆற்றமாட்டாமல் போனது. தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொய்யை எப்படிப் பொறுப்பது?

“மறந்துட்டியா? காலைல நானே பார்த்தேனே, பெட்டியில சிவப்பு பல்பு எரிஞ்சுதே. உன் சார்ஜர் பக்கத்துலதானே கிடந்துச்சு? தப்பும் பண்ணிட்டு, அதை மறைக்கப் பொய் வேறயா?”

டீச்சர் அங்கேயே நின்று தலைமையாசிரியருக்குப் போன் போட்டார். சுண்டெலியின் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் உரக்கப் பேசினார்.

“அடுத்த வருஷம் இவ பேரை அனுப்பாதீங்க சார். பொறுப்பும் கிடையாது, வாயில உண்மையும் கிடையாது. எனக்கு வெளியில தலைகாட்ட முடியலை.”

சுண்டெலியின் கண் கலங்கியது. அடுத்த வருஷப் போட்டிக்கு என்ன செய்யலாம் என்று விமானத்தில் வரும்போதே பேப்பரும் பேனாவுமாகப் படம் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். டீச்சர் கார்டைச் செருக, விளக்கு எரிந்தது. சுண்டெலி பெட்டியை எடுத்து மறுபடி பிளக்கில் மாட்டினாள். சிவப்பு பல்பு கண் திறந்தது.

“இனிமே எதுக்கு இது?”

“காலைக்குள்ள கறுக்குதான்னு பார்க்கணும் டீச்சர். எனக்காக.”

அந்தக் குரலைக் கேட்டு டீச்சருக்கு லேசாக மனசு இளகியது. என்ன இருந்தாலும் சின்னப் பெண்.

“சரி வா, சாப்பிட்டுட்டு வரலாம். வெறும் வயித்தோட கிடக்காதே.”

சுண்டெலி எழுந்து வந்தாள். டீச்சர் வழக்கம்போலக் கார்டை உருவினார். அறை இருட்டானது.

மூலையில் சிவப்பு பல்பும் அணைந்தது.

டீச்சர் கார்டை மறுபடி செருகினார். இரண்டும் எரிந்தன. உருவினார். இரண்டும் அணைந்தன. காலையில் கைப்பைக்குள் போட்ட அதே கார்டு. தலைமையாசிரியரிடம் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. உடம்பெல்லாம் கூசிப்போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உனக்கு இது எப்ப தெரியும்?”

“பெட்டியை எடுக்க வந்தப்பவே.”

“அப்புறம் ஏன்டி மறந்துட்டேன்னு சொன்னே?”

இருட்டில் சுண்டெலி செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

“அத்தனை பேர் முன்னால உங்க பேரைச் சொல்ல மனசு வரலை டீச்சர்.”