இடது காதுப் பாட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு, கை மரத்துப்போய்த்தான் அவள் சைக்கிளை எடுப்பாள். வயர் இல்லாத இயர்போனில் இடது காதுக்கானது மட்டும் அவளிடம் மிச்சம். அக்காவும் அதே கூடத்தில்தான் வேலை பார்த்தாள். அக்கா பின்னால் கேரியரில் உட்கார, ஆளுக்கொரு காதாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வீடு வருவார்கள். அக்கா செத்தபோது, வலது காதுக்கானதை அவள் காதிலேயே மாட்டி அனுப்பிவிட்டாள் தங்கை.

சோகப் பாட்டு என்றால் அக்காவுக்கு ஆகாது. "இந்த அழுமூஞ்சிப் பாட்டெல்லாம் எதுக்குடி?" என்று தன் காதில் இருந்த இயர்போனைத் தட்டி அடுத்ததற்கு மாற்றிவிடுவாள்.

கொஞ்ச நாளாகச் சோகப் பாட்டு தொடங்கியதுமே தானாக மாறிவிடுகிறது. சைக்கிளும் மிதிக்க முடியாமல் கனக்கிறது. புருஷன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"செயின் நல்லாத்தான் ஓடுது. காத்தும் கல்லு மாதிரி இருக்கு. உனக்குத்தான் உடம்புல தெம்பில்ல. ஒரு நாள் லீவு போடேன்."

லீவு என்ன, கேட்டதும் கிடைக்கிற பொருளா? மறுநாளும் வேலைக்குப் போனாள்.

திரும்பும்போது பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தும் சைக்கிள் நகரவில்லை. திரும்பிப் பார்க்காமலே, பழைய வழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"மேடு வருதுக்கா, எறங்கிக்கோ."

சைக்கிள் லேசானது. ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். உச்சியில் ஒரு காலை ஊன்றி நின்றாள். சோகப் பாட்டு ஒன்று தொடங்கி, பாதிவரைக்கும் ஓடியது. அவள் அலுப்போடு காத்திருந்தாள்.

கேரியர் கிறீச்சிட்டது. பாட்டு மாறியது.