யார் பேரை விடுவது?

"ஏனுங்க மேடம், புள்ள பேரச் சேர்த்தறதுன்னா அவளுக்கு என்ன சீக்குன்னு சொல்லியே ஆகோணுங்களா?"

மாசாணம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கணபதியில் இருக்கும் அந்த பம்ப்செட் கம்பெனியில் இருபது வருஷம் லேத்தில் நின்றவர், போன வருஷம்தான் சூப்பர்வைசர் ஆனார். சம்பளம் வரம்பைத் தாண்டி ஏறியது, அதனால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உரிமை போய்விட்டது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கின கதை. அந்தக் குறை தீர, கம்பெனியே இப்போது சூப்பர்வைசர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறது. ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்ல இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கேன்டீனை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிப்போட்டீங்கன்னா, கம்பெனி கொஞ்சம் கூடக் கட்டிச் சேர்த்திக்கும்ங்க. மறைச்சுப்போட்டீங்கன்னா, நாளைக்கு ஆஸ்பத்திரியில படுத்தாலும் ஒத்தப் பைசா வராதுங்க," என்றார் அதிகாரி. "முதல் திட்டத்துல நீங்க, உங்க சம்சாரம், புள்ளைங்க. ரெண்டாவதுல புள்ளைங்களுக்குப் பதிலா உங்களப் பெத்தவங்க. ஏதாவது ஒண்ணுதான் எடுக்க முடியும். ஊட்ல யாருக்கு என்னன்னு சொன்னீங்கன்னா எது தோதுப்படும்னு நான் சொல்றேன்."

"எங்கப்பனுக்குக் குடலிறக்கமுங்க. ஆபரேசன் பண்ணியே ஆகோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. புள்ளைக்கு..."

மாசாணம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஸ்டோர்ஸ் ராமுலு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"கதவச் சாத்திக்கட்டுங்களா?"

அதிகாரிக்கு ஆவல் வந்துவிட்டது. "சாத்துங்க, சாத்துங்க."

"புள்ளைக்கு இழுப்புங்க. பனி எறங்குனா மூச்சு உட முடியாது. போன மார்கழியில ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில சேர்த்துனோம். ஊருக்குள்ள மூச்சு உடலியே! கேட்டவங்களுக்கெல்லாம் போத்தனூர்ல பெரியம்மா ஊட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சோம்."

"அப்படி மறைக்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது?"

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? ஞாயித்துக்கிழமை அன்னூர்ல இருந்து பொண்ணு பார்க்க வாராங்க. பையன் பேரு ரவிக்குமாரு. போட்டோவுலதான் பார்த்தேன், நல்ல களையான மொகம். அவங்க ஊட்டாளுக ஒருத்தரையும் இன்னும் நேர்ல பார்க்கலீங்க. இந்தச் சம்பந்தத்தக் கொண்டுவந்ததே அங்க டீ குடிக்கற ராமுலுதான். அவன் காதுல உழுந்துதுன்னா அடுத்த பஸ்ஸுலயே அன்னூருக்குப் போய்ச் சேர்ந்துரும்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"பொண்ணு பேரு?"

"அன்புக்கரசி. பி.காம். முடிச்சிருக்குதுங்க."

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. பனிக்காலம் தாண்டிட்டா மானாட்டம் ஓடுவா."

"மருந்து மாத்தரையெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடுவாளுங்க."

"கோவம் வருங்களா?"

இன்சூரன்ஸ்காரர்கள் கோபத்தைக்கூடவா கேட்பார்கள்? மாசாணத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. சர்க்கார் சட்டம் ஏதாவது இருக்கும் என்று அதற்கும் பதில் சொன்னார்.

"பொய் சொன்னா மட்டும் வருமுங்க. அதுனாலதான் ஊட்ல இப்பச் சண்டையே. பொண்ணு பார்க்க வாரவங்ககிட்ட இழுப்பு இருக்குதுன்னு மொதல்லயே சொல்லிப்போடறேன், அப்புறம் இஷ்டம் இருந்தாக் கட்டிக்கட்டும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நாந்தான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பார்க்கறீங்க. மொத மார்கழியிலயே தெரிஞ்சுபோயிருமே?"

"தெரியட்டுமுங்க. அதுக்குள்ள தாலி ஏறிருமில்ல?" சொல்லி முடித்ததும் மாசாணத்துக்கே வெட்கமாகப் போயிற்று. "பெத்தவன் புத்தி அப்படித்தானுங்க போகுது. ரெண்டு எடம் இதனாலயே தட்டிப்போச்சு. இதும் போச்சுன்னா புள்ள மனசு ஒடஞ்சு போயிருவா. ராமுலுக்குத் தெரியாம அவ பேர மட்டும் எப்படியாச்சும் சேர்த்தி உடுங்க, அம்மணி. அப்பனுக்கு நான் எப்படியோ பார்த்துக்கறேன்."

அதிகாரி தலையை ஆட்டினார்.

"வேண்டாமுங்க. ரெண்டாவது திட்டத்தையே எடுத்துக்குங்க. உங்க அப்பாவுக்கு ஆபரேசன் நடக்கட்டும். பொண்ணு பேரு இதுல வேண்டாம்."

மாசாணத்தின் முகம் செத்துப்போய்விட்டது. மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்ததற்கு இதுதானா பலன்? தன் வாயைத் தானே திட்டிக்கொண்டார்.

"உள்ளதச் சொன்னதுக்கு என் புள்ளையக் கழட்டி உடறீங்களா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மேஜையைச் சுற்றி வந்து, அவர் முன்னால் மரியாதையாக நின்றார்.

"ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணுக்கு எந்தம்பி ரவிக்குமாரப் புடிச்சுதுன்னா, அவன் கம்பெனிப் பாலிசியில சம்சாரம்ங்கற எடத்துல, இழுப்பையும் சொல்லியே, அவ பேர நாங்க சேர்த்திக்கறோமுங்க, மாமா."