பின்கதவு

“ஒண்ணே ஒண்ணு கேளு பெனி. எதுவா இருந்தாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். மாதா மேல சத்தியம்.”

“இப்ப வேணாம். வெச்சிருந்து அப்புறமா கேக்கறேன்.”

கல்யாணத்துக்கு முன்பு, தண்டலம் பஸ் ஸ்டாப்பில் ஃபிரடியும் பெனிட்டாவும் பேசிக்கொண்டது இது. அவளைக் கேலி செய்தவனின் பல்லை ஃபிரடி அப்போதுதான் பெயர்த்திருந்தான். அவன் விரல் முட்டியில் கசிந்த ரத்தத்தை அவள் துப்பட்டா நுனியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். தனக்காக ஒருவன் சண்டை போட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

கல்யாணமாகி மூன்று வருடங்கள் ஆகியும் அவள் அதைக் கேட்கவில்லை. என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து, கார்தான் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான்.

இப்போது அதே தண்டலத்தில், பழைய கார் விற்கும் சுப்பிரமணியின் சட்டைக் காலர் ஃபிரடியின் கையில் இருந்தது.

“பின்கதவு லாக் புடிக்கல. இத ஏன்டா மறைச்ச?”

பளாரென்று விழுந்த அறையில் சுப்பிரமணி கறுப்பு நிற ஜெர்மன் கார் மேல் போய்ச் சாய்ந்தார். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. அதனால்தான் புது ஆட்டோ விலைக்கு வந்தது. “வெளிய ரிமோட்ல பூட்டிட்டா உள்ள கீறவங்ககூட தொறக்க முடியாது சார், அப்டி ஒரு சேஃப்டி” என்று சற்றுமுன் அவர்தான் பெருமையடித்திருந்தார்.

ஒரகடம் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் லைனில் நிற்பவனிடமா இந்தக் கதை? ஃபிரடி உள்ளே உட்கார்ந்து, வெளியிலிருந்து பூட்டச் சொல்லி, ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தான். மற்ற கதவுகள் அசையவில்லை. இடப்பக்கப் பின்கதவு மட்டும் சாவகாசமாகத் திறந்துகொண்டது.

“ஓடுன வண்டி சார், அப்டி இப்டிதான் இருக்கும். மெக்கானிக்க விட்டு...”

“வாய மூட்றா!” அடுத்த அறையில் உதடு கிழிந்து சுப்பிரமணியின் வெள்ளை மீசை சிவந்தது. “வா பெனி. இந்தக் குப்ப நமக்கு வேணாம்.”

“இதையே வாங்கிக்கலாங்க.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கடைக்கு வந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

“லாக்கு?”

“அது கெடக்கட்டும். எனக்கு இந்த வண்டிதான் புடிச்சிருக்கு.”

ஃபிரடியின் முகம் மலர்ந்தது. “அப்ப இத்தினி நாளா கேக்காம வெச்சிருந்தது இதானா? கள்ளி!”

அவள் தலை குனிந்து சிரித்தாள். மனைவி மேல் அவனுக்கு உயிர். ஏரியா சரியில்லை என்று, ஷிப்டுக்குப் போகும்போது வீட்டை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோகிறவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் காரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பெனிட்டா நேராகப் போய் இடப்பக்கம் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“மகாராணி பின்னாடிதான் குந்துவாங்களோ?”

“ஆமா டிரைவர், வண்டிய எடுங்க.”

ஃபிரடி வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஒரகடம் சிக்னல் தாண்டியதும், ஒரு ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு போனதில் வலப்பக்க சைடு மிரர் பெயர்ந்து தொங்கியது. ஆட்டோ சற்றுத் தள்ளிப் போய் நின்றது.

நடுரோட்டிலேயே பிரேக் அடித்தான். சீட்டுக்கடியிலிருந்த வீல் ஸ்பேனரை உருவிக்கொண்டு இறங்கினான். இரண்டடி போனவன் திரும்பி, பழக்கம் மாறாமல் ரிமோட்டை அழுத்திக் காரைப் பூட்டினான்.

“தெரியாம பட்டுருச்சு தம்பி...” என்று கும்பிட்டபடி இறங்கிய ஆட்டோக்காரர் பிச்சையாவின் தோளில் இரும்பு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஆட்டோவுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. கீழே விழுந்தவரின் விலாவில் ஃபிரடி மாறி மாறி உதைத்தான்.

“என் பொண்டாட்டி வண்டிடா! அவ ஆசப்பட்டு வாங்குன வண்டிடா!”

தடுக்க வந்த ஓர் இளைஞன் மூக்கு உடைந்து பின்வாங்கினான். பிச்சையா அசைவற்றுக் கிடந்தார். அவர் காதிலிருந்து ரத்தம் வழிந்து தார் ரோட்டில் பரவியது. பின்னால் லாரிகளும், ஞாயிறு ஓவர்டைம் வேலைக்குப் பெண்களை ஏற்றி வந்த கம்பெனி பஸ்ஸும் ஹாரன் அடித்தபடி வரிசையாக நின்றுவிட்டன.

மூச்சு வாங்க, ஸ்பேனரைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஃபிரடி காரைப் பார்த்துத் திரும்பினான்.

இடப்பக்கப் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. சீட் காலி.

“பெனீ!”

அவள் கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டில் நின்றிருந்தாள். கம்பியைப் பிடிக்கத் தூக்கிய கையிலிருந்து சுடிதாரின் முழுக்கை சரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரல் தடங்கள். சில கறுத்துப் போனவை, சில நேற்றையவை.

அதைப் பார்த்த யூனிஃபார்ம் பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் அவளை மேலே இழுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் படியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“எறங்குடி கீழ!” ஸ்பேனரை ஓங்கியபடி ஓடி வந்தான் ஃபிரடி.

அந்தப் பெண்களின் தோள்களுக்கு நடுவே அவள் முகம் மட்டும் தெரிந்தது.

“மாதா மேல சத்தியம் பண்ணீங்களே, அந்த ஒண்ண இப்ப கேக்கறேன். என் பின்னால வராதீங்க.”