அச்சு அசல் வேம்பு

பொம்மை ரயில் ஓடும் மேசையில், செம்புக் கம்பியை முறுக்கிச் செய்த வேப்பமரம் ஒன்று கம்பீரமாக நின்றிருந்தது. அழகுக்காகத் தூவிய தோட்டத்து மண்ணிலிருந்து ஒரு நிஜ வேப்பங்கன்று எட்டிப் பார்த்ததும் கம்பிமரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும்மா நீ?"

"வேம்புங்க."

"நீயா? என்னை நல்லாப் பாரு. வேம்புன்னா இப்படி இருக்கணும்."

"எனக்கு வேர் இருக்குங்க. இங்கேயே இருந்துக்கறேனே."

"வேரா? இங்கே எல்லாருக்கும் பசைதான். ஒட்டி வாழத் தெரியாதா உனக்கு?"

அதற்குள் மரம் செய்தவர் வந்து, "களை" என்று கன்றைப் பிடுங்கினார். இலைகளை மட்டும் கிள்ளிக் கம்பிமரத்தில் ஒட்டினார்.

பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இலை வாடினதுகூட நிஜம் மாதிரியே இருக்கே!"

"பின்னே," என்றது கம்பிமரம், "நாங்க பரம்பரை வேம்பாச்சே!"