நீல வாத்து

அமெரிக்காவின் டுலூத் நகரில், என் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் எங்கள் கார் பந்தய வீடியோ கேமின் சர்வர் ஓடுகிறது. ஞாயிறு மதியமானால் பன்னிரண்டு பேர் ஆன்லைனில் மோதுவார்கள். நான் நடுவர். என் மனைவி மார்னி, "பொம்மைக் கார் கும்பல்!" என்று திட்டிவிட்டு மாடியறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு மாதமாக ஒரே லேக், அதாவது நெட் திணறல். பதினொரு கார்கள் தவளையாய்த் தத்தின. 'நீல வாத்து' என்று பெயர் வைத்துக்கொண்ட எவனோ ஒருவனின் கார் மட்டும் வழுக்கிக்கொண்டு போய் ஜெயித்தது.

ஹெட்போனில், அந்தப் பதினொரு பேரில் ஒருவனான லைல் கத்தினான். "டேய் கிர்க், பிங்கைப் பாருடா! சிக்னல் உன் சர்வருக்குப் போய் வர எங்களுக்கெல்லாம் முந்நூறு மில்லி செகண்ட், அவனுக்கு ஒண்ணே ஒண்ணு! திருட்டுப் பய!"

"ரவுட்டரையே மாத்திட்டேன்டா. இன்னும் என்னத்த பண்ண?"

"ஒவ்வொரு வயரா பிடுங்கிப் பாரு!"

மூன்றாவது வயரைப் பிடுங்கினேன். பதினொரு கார்களும் சிட்டாய்ப் பறந்தன.

"போச்சுடா லேக்!" லைல் கூவினான். "அட, நீல வாத்தையும் காணோம்!"

மாடியிலிருந்து இடி இறங்கியது.

"யாருய்யா என் வயரைப் பிடுங்கினது? கடைசி ரவுண்டுய்யா! லைவ்ல நாலாயிரம் பேர் பாத்துட்டிருக்காங்க!"