மண்ணெண்ணெய் பியூரெட்

கல்லூரி முதல்வர் பதவி காலியாக இருந்ததால், அறிவியல் கண்காட்சியன்று வேதியியல் துறைத்தலைவர் அருமைநாயகம் புதுச்சட்டை போட்டிருந்தார். கல்லூரித் தாளாளர் தலையைச் சீவி, அந்தப் பிளாஸ்டிக் சீப்பை, பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயிலிருந்து நூலாக ஒழுகிய தண்ணீருக்கு அருகில் நீட்டினார். தண்ணீர் சீப்பை நோக்கி வளைந்தது. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். சீப்பில் ஒட்டியிருந்த பொடுகுக்கும் தட்டியிருப்பார்கள்.

அடுத்த பியூரெட்டில் மண்ணெண்ணெய். அது நேராக விழுந்தது. தாளாளர் மறுபடியும் சீவிக்கொண்டு நீட்டினார். அப்போதும் நேராகவே விழுந்தது.

"இதுக்கு என்ன கேடு?"

"தண்ணியில ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிடும்யா. அதனால பிளஸ், மைனஸ்னு ரெண்டு முனை வந்துரும், சீப்பைக் கண்டா வளையும். மண்ணெண்ணெயில அந்த இழுப்பு கெடையாது. அதைக் காட்டத்தான் இந்தச் சோதனையே..." என்ற அருமைநாயகம், தாளாளரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"கோளாறுதான்யா. மாத்திர்றேன்."

மண்ணெண்ணெயைக் கழுவுநீர் வாளியில் கொட்டிவிட்டு, அந்தப் பியூரெட்டிலும் தண்ணீர் ஊற்றினார். இரண்டும் வளைந்தன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேசைக்கடியில், வாளித் தண்ணீரோடு ஒட்டாமல் மண்ணெண்ணெய் மேலே நின்றது.